9 வயதுப் பையனுக்கு எல்டிஎல் 212: மாத்திரையா, சாப்பாடா?

கேள்விக்குறி | 12 ஜனவரி 2025, மாலை

ரிப்போர்ட்டை அப்படியே போடுகிறேன். பையன், 9 வயது, 27 கிலோ, ஊதினால் பறந்துவிடுவான். மொத்தக் கொலஸ்ட்ரால் 278, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 46, ட்ரைகிளிசரைடு 100, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 212. அப்பாவுக்கு 38 வயதில் ஸ்டென்ட். அப்பாவின் தாய்மாமன் 44-ல் தூக்கத்திலேயே போனவர். மருத்துவர் ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. எழுதியிருக்கிறார், கொலஸ்ட்ராலை இறக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை. என் வாதம் இது: ஒல்லிப் பிள்ளை, ஓடியாடுகிற வயது, எண்ணெயைக் குறைத்தாலே இறங்கிவிடாதா? அறுபது வயதுக்காரர் விழுங்குகிற மாத்திரையை வளர்கிற பிள்ளைக்குக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

அரைமாத்திரை | 12 ஜனவரி, இரவு

இறங்கும். பத்து சதவீதம். 212 என்பது 191 ஆகும், அவ்வளவுதான்.

ஒல்லிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஈரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றை உண்டாக்கும் மரபணு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. அதில் ஒன்று பழுதானால் ஏற்பிகளில் பாதிதான் வேலை செய்யும். பிடிக்க ஆள் குறைவு, அதனால் ரத்தத்தில் எல்டிஎல் தேங்குகிறது. பிறந்த நாளிலிருந்தே தேங்குகிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டல்லஸில் வேலை பார்த்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் கொடுத்தார்கள். நோயின் பெயர் ஃபெமிலியல் ஹைப்பர்கொலஸ்ட்ரோலீமியா. எப்எச் என்றே எழுதுகிறேன். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அரிய நோய் என்று நினைக்க வேண்டாம், ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகள் தேறும்.

கணக்கு என்ன சொல்கிறது? சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி மூன்று மாதம் கழித்து இரண்டு தடவை எடுத்தும் எல்டிஎல் 190-க்கு மேல் என்றால் எப்எச் என்றே கொள்ளலாம். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, பெற்றோரில் ஒருவருக்கு அதிக எல்டிஎல்லோ இருந்தால் 160 போதும். பெற்றோருக்கு மரபணுச் சோதனையில் உறுதியாகிவிட்டது என்றால் 130-லேயே பிள்ளைக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். இது ஐரோப்பிய வல்லுநர்கள் 2015-ல் வகுத்த வரம்பு. உங்கள் கேஸ் 160-ஐத் தாண்டி எங்கோ நிற்கிறது.

அரைமாத்திரை | 12 ஜனவரி, இன்னும் இரவு

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதுவும் தொடங்கக் கூடாது. இரண்டாவது தடவை எடுக்கும்போதே கூடச் சேர்த்து எடுக்க வேண்டியவை: டிஎஸ்எச் (தைராய்டுக்கு), சிறுநீரில் புரதம், ஏஎல்டி, ஏஎஸ்டி (ஈரலுக்கு), சிகே (தசைக்கு), சர்க்கரை. தைராய்டு மந்தம், நெப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய்), பித்தம் அடைபட்ட ஈரல் நோய் மூன்றும் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். மருந்துகளும் ஏற்றும்: ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின். வலிப்புக்காகக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவில் இருக்கிற பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிகே எதற்கு என்று கேட்பீர்கள். ஏஎல்டியும் ஏஎஸ்டியும் ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கின்றன. யாரும் கவனிக்காமல் தசைச் சிதைவு நோய் தொடங்கியிருக்கும் பையனுக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே எகிறியிருக்கும். முதலில் பார்க்காமல் ஸ்டாட்டின் தொடங்கி, ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பழி மாத்திரை மேல் விழும். ஈரலைத் துருவிக்கொண்டிருப்பார்கள், தசையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சென்ட்ரிஃபியூஜ் | 13 ஜனவரி

ஆய்வகத்துப் பக்கத்திலிருந்து. 278 கழித்தல் 46 கழித்தல் 20 (ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தது) = 212. ஆகவே இது அளந்த எல்டிஎல் அல்ல, கணக்குப் போட்ட எல்டிஎல். தப்பில்லை, ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டாத வரைக்கும் இந்தச் சூத்திரம் ஓடும். தாண்டினால் நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ரத்தம் எடுக்கும்போது கவனிக்க: காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து மூன்று வாரமாவது ஆகியிருக்கட்டும். நோய்த்தொற்றில் எல்டிஎல் பொய்யாக இறங்கும். பிள்ளை ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கியிருந்தால் ரத்தம் அங்கேயே கெட்டிப்பட்டு அளவு கூடும். அழுது புரளுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நரம்பு தேடினால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்புக் குறைவு. ஒரே பிள்ளைக்கு ஒன்றுமே மாறாமல் வாரம் விட்டு வாரம் எடுத்தாலும் 8 சதவீதம் தானாக ஏறி இறங்கும். "212 இப்போ 199 ஆயிடுச்சு, பூண்டு வேலை செய்யுது" என்று வருபவர்கள் இதைப் படிக்கட்டும்.

வெறும் வயிறு கட்டாயமில்லை. எல்டிஎல் பெரிதாக மாறாது. ட்ரைகிளிசரைடு மட்டும்தான் இட்லிக்குப் பிறகு ஏறும்.

கேள்விக்குறி | 13 ஜனவரி

சரி. அப்பாவுக்குத்தான் இருக்கிறது, பையனுக்கும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாரடைப்பு வருகிற வயது நாற்பதாச்சே? பதினெட்டு வயதில் தொடங்கினால் என்ன கெட்டுப்போகும்?

அரைமாத்திரை | 14 ஜனவரி (பொங்கல், அதனால் சுருக்கமாக)

வட்டிக் கணக்கு மாதிரி பாருங்கள். ஒரு வருடம் 212-ல் இருந்தால் 212 புள்ளி. 9-லிருந்து 25 வரை, 16 வருடம், 3392. ரோசுவா 5 மி.கி. போட்டு 131-க்கு இறங்கினால் அதே 16 வருடத்தில் 2096. வித்தியாசம் 1296. எல்டிஎல் 100 உள்ள பிள்ளை இதைச் சேர்க்க ஏறக்குறைய 13 வருடம் ஆகும். அதாவது ரத்தக் குழாய்க்குப் பதின்மூன்று வருடம் மிச்சம்.

ஐரோப்பியப் பெருந்தமனித் தடிப்புச் சங்கம் 2013-ல் ஒரு படம் வெளியிட்டது. வருடா வருடம் எல்டிஎல்லைக் கூட்டிக்கொண்டே வந்தால் நோய் தலைகாட்டும் சுமை என்று 160-ஐ (மில்லிமோல் அலகில்) ஒரு கோடாக வைத்தார்கள். எப்எச் இல்லாதவர் அந்தக் கோட்டை 55 வயதில் தொடுகிறார். சிகிச்சை இல்லாத எப்எச்காரர் 35-ல். 18-ல் தொடங்கியவர் 48-ல். 10 வயதிலேயே குறைந்த அளவில் தொடங்கியவர் 53-ல். உங்கள் கேள்விக்கு விடை 48-க்கும் 53-க்கும் நடுவே இருக்கிற அந்த ஐந்து வருடம்.

குரொய்டன் | 15 ஜனவரி

இங்க லண்டனில என்எச்எஸ் ரிப்போர்ட்டில 5.6 எண்டு கிடக்கு. நீங்கள் 212, 190 எண்டு கதைக்கிறியள். எப்பிடி மாத்துறது?

சென்ட்ரிஃபியூஜ் | 15 ஜனவரி

உங்கள் ரிப்போர்ட் மில்லிமோலில், எங்களுடையது மி.கி.யில். 38.67-ஆல் பெருக்குங்கள். 5.6 என்றால் 217. ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் வேறு எண், 88.6. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 190 என்பது 4.9, 160 என்பது 4.1, 130 என்பது 3.4. சிகிச்சையில் 130-க்குக் கீழே என்கிற இலக்கை 3.5 என்று முழுசாக்கிச் சொல்வார்கள்.

அரைமாத்திரை | 15 ஜனவரி

குரொய்டனுக்குச் சேர்த்து: உங்கள் ஊர் வழிகாட்டி இன்னும் வசதி. பெற்றோரில் ஒருவருக்கு எப்எச் உறுதியானால் பிள்ளைக்கு 10 வயதுக்குள் மரபணுச் சோதனை. இருவருக்கும் என்றால் 5 வயதுக்குள். ஸ்லோவேனியாவில் 1995-லிருந்தே 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ரத்தம் பார்க்கிறார்கள். நம்ம ஊரில் பள்ளியில் உயரம், எடை, கண் பார்ப்பதோடு சரி.

14-ம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த 160 கோட்டைச் சுவர் மாதிரி வாசித்துவிடாதீர்கள். உங்கள் பையனின் 212-ஐ (5.5 மில்லிமோல்) அதில் போட்டால் 29 வயதில் கோட்டைத் தொடுவான். 29-ல் மாரடைப்பு என்று அதற்கு அர்த்தமில்லை. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், லிப்போபுரதம்-ஏ (எல்டிஎல் மாதிரியே இன்னொரு கொழுப்புத் துகள்) எல்லாம் கோட்டை முன்னும் பின்னும் நகர்த்தும். படம் காட்டுவது திசையை. ஆளுக்குத் தேதி குறித்துக் கொடுக்கவில்லை.

லிப்போபுரதம்-ஏ பற்றி: வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும், பெரிதாக மாறாது. எப்எச்சோடு இதுவும் அதிகமாக இருந்தால் இலக்கை இன்னும் கீழே வைப்பார்கள்.

கேள்விக்குறி | 16 ஜனவரி

பத்து, இருபது வருடம் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா? வளர்ச்சி, பருவமடைவது, மூளை?

அரைமாத்திரை | 16 ஜனவரி

இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் எப்எச் உள்ள 214 பிள்ளைகளை, 8 முதல் 18 வயது வரை, 1990-களின் கடைசியில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் பாதிப் பேருக்கு ப்ராவாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பிறகு எல்லோருக்கும் மாத்திரை. இருபது வருடம் கழித்துத் திரும்பத் தேடிப் பிடித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. 39 வயதில் இதய நோய் நிகழ்வு கண்டவர்கள் இந்தப் பிள்ளைகளில் 1 சதவீதம். அதே மரபணு உள்ள அவர்களுடைய அப்பா அம்மாக்களில், அதே 39 வயதில், 26 சதவீதம். இதய நோயால் சாவு பெற்றோரில் 7 சதவீதம், பிள்ளைகளில் பூஜ்யம். பெற்றோர் காலத்தில் ஸ்டாட்டின் கிடையாது, முதல் ஸ்டாட்டினே 1987-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கழுத்துத் தமனியின் சுவர் தடிக்கிற வேகம், எப்எச் இல்லாத உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒன்றே.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. பெற்றோரோடு ஒப்பிடுவது சுத்தமான ஒப்பீடு அல்ல, அந்தத் தலைமுறை அதிகம் புகைத்தது. ஆனால் இருபது வருடம் ஒரு பிள்ளைக்கு மாத்திரை, இன்னொரு பிள்ளைக்கு வெறும் மாவு என்று யாரும் கொடுக்க மாட்டார்கள். இதைவிட நல்ல சான்று கிடைக்கப்போவதில்லை.

இன்னொன்று கவனியுங்கள். அவர்களுக்கு எல்டிஎல் சராசரி 237-லிருந்து 161-க்குத்தான் வந்தது. 100-க்குக் கீழே போனவர்கள் ஐந்தில் ஒருவர். முழு இலக்கை எட்டாமலே இவ்வளவு. உயரம், எடை, பருவமடைதல் எதிலும் உடன்பிறந்தவர்களோடு வேறுபாடு தெரியவில்லை.

அரைமாத்திரை | 17 ஜனவரி

மாத்திரை அளவு. நிறையக் குழப்பம் இங்கேதான்.

ரோசுவாஸ்டாட்டின்: 8 வயது முதல் 10 வரை 5 அல்லது 10 மி.கி., 10-லிருந்து 17 வரை 20 மி.கி. வரைக்கும். ப்ராவாஸ்டாட்டின்: 8 முதல் 13 வரை 20, 14-க்கு மேல் 40. அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் 10 வயதிலிருந்து, தொடக்கம் இரண்டுக்கும் 10 மி.கி. இவை அமெரிக்க அனுமதி அளவுகள். ஐரோப்பாவில் ரோசுவா 6 வயதிலிருந்தே உண்டு. ரோசுவாவும் அட்டோர்வாவும் எந்த நேரமும் போடலாம். ப்ராவா, சிம்வா இரவில்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு இருக்கிறது. ரோசுவாவின் அமெரிக்க மருந்துக் குறிப்புத் தாளிலேயே ஆசிய வம்சாவளியினருக்கு, இந்தியரும் அதில் சேர்த்தி, ரத்தத்தில் மருந்தளவு ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கிறது, 5-ல் தொடங்குங்கள் என்று எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் மருத்துவர் 5 எழுதியது பயத்தால் அல்ல.

பிறகு என்ன? ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம்தான். ரோசுவா 5-ல் 38 சதவீதம், 10-ல் 45, 20-ல் 50. பையனின் எண்ணில்: 131, 117, 106. இதற்குப் பதில் 5-ஐ அப்படியே வைத்து எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால் 131-லிருந்து இன்னொரு 20 சதவீதம், 105. நாலு மடங்கு ஸ்டாட்டினும் ஒரு எசெட்டிமைபும் ஒரே இடத்தில் கொண்டுவந்து விடுகின்றன. எசெட்டிமைப் குடலில் உறிஞ்சுவதைத் தடுக்கிறது, தசை வலி பற்றிய கவலை குறைவு. அமெரிக்காவில் 10 வயதிலிருந்து.

இலக்கு: 10 வயதுக்கு மேல் 130-க்குக் கீழே. 8 முதல் 10 வரை பாதியாகக் குறைந்தால் நல்லது. உங்கள் பையனுக்கு 106.

குரொய்டன் | 17 ஜனவரி

அரை மாத்திரை உடைச்சுக் குடுக்கலாமோ? (உங்கட பேரைப் பாத்துத்தான் கேக்கிறன்.)

அரைமாத்திரை | 17 ஜனவரி

அட்டோர்வா, ரோசுவா சாதாரணப் பூச்சு மாத்திரைகளை உடைக்கலாம், பொடித்து உடனே ஒரு கரண்டி தயிரில் கொடுக்கலாம். கொஞ்சம் கசக்கும். மெதுவாகக் கரையும் வகை என்றால் கூடாது. பொடித்ததை நாளைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. மக்னீசியம், அலுமினியம் கலந்த அசிடிட்டி சிரப் குடித்தால் ரோசுவாவுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி.

தொண்டை வலிக்கு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்கு இட்ராகொனசோல் எழுதினால் சிம்வாவும் அட்டோர்வாவும் உடம்பில் தேங்கும். அந்த வாரம் ஸ்டாட்டினை நிறுத்திவைக்கலாம். அசித்ரோமைசின் என்றால் பரவாயில்லை. கிரேப்ஃப்ரூட் பழமும் இதே மாதிரி மாத்திரையைத் தேங்க வைக்கும், பம்பளிமாஸும் அந்தக் குடும்பம். சிம்வா போடுகிற பிள்ளை தினமும் ஒரு பழம் தின்னக் கூடாது. தினமும் ஒரு பம்பளிமாஸ் தின்கிற பிள்ளை எங்கே இருக்கிறது என்பது வேறு.

சென்ட்ரிஃபியூஜ் | 18 ஜனவரி

தொடங்கிய பிறகு 6 முதல் 8 வாரத்தில் லிப்பிட், ஏஎல்டி. ஏஎல்டி இயல்பு உச்சத்தைப் போல் மூன்று மடங்கு தாண்டினால் நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள். சிகே பத்து மடங்கு தாண்டினால் உடனே நிறுத்த வேண்டும். ஆனால் சிகே எடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் விளையாட்டு வேண்டாம். கபடி, கால்பந்து ஆடிய மறுநாள் எந்தப் பையனுக்கும் சிகே ஆயிரத்தைத் தொடும், மாத்திரை தேவையே இல்லை. வலி இல்லாத பிள்ளைக்குச் சிகேயைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் வீண் செலவு. தசை வலியோடு கோலா நிறத்தில் சிறுநீர் போனால் மட்டும் அன்றைக்கே.

கேள்விக்குறி | 19 ஜனவரி

பாட்டி சிவப்பரிசி கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்கும் என்கிறார். ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சியாம்.

அரைமாத்திரை | 19 ஜனவரி

அது மாப்பிள்ளைச் சம்பா இல்லை. சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒன்று, பூஞ்சையால் புளிக்கவைத்த சீனச் சரக்கு. அதில் இருக்கிற மொனகொலின்-கே என்பது வேதியியலில் லோவாஸ்டாட்டினேதான். ஸ்டாட்டின் வேண்டாம் என்று ஸ்டாட்டினையே அளவு தெரியாமல் தின்பது. சில புட்டிகளில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிட்ரினின் வேறு கலந்திருக்கும். பாட்டியின் சிவப்பரிசிக் கஞ்சி தாராளமாகக் கொடுங்கள், நல்ல சாப்பாடு. மாத்திரைக்குப் பதில் அல்ல.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை, சொல்லிவிடுகிறேன். நிறைகொழுப்பு மொத்தக் கலோரியில் 7 சதவீதத்துக்குள். 1600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 12 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் மட்டும் 11 கிராம். நெய்யில் 8. நல்லெண்ணெயில் 2 தான். ஆகவே எண்ணெயின் அளவோடு, எந்த எண்ணெய் என்பதையும் பார்க்க வேண்டும். தேங்காய்ப்பால் சொதி, பாமாயிலில் பொரித்த பேக்கரிப் பண்டம், பிஸ்கட்டுக்குள் இருக்கும் வனஸ்பதி, இவைதான் நாள் கணக்கை உடைக்கின்றன. தாளிக்கிற அரைக் கரண்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டை மஞ்சளில் ஏறக்குறைய 190 மி.கி. கொலஸ்ட்ரால், நாள் வரம்பு 200. வாரம் இரண்டு மூன்று போதும், வெள்ளைக்கரு எவ்வளவு வேண்டுமானாலும். இசப்கோல் நாளைக்கு 6 கிராம், நிறையத் தண்ணீரோடு, எல்டிஎல்லை இன்னொரு ஐந்தாறு சதவீதம் இறக்கும். இரண்டு வயதுக்குக் கீழே எந்தக் கொழுப்புக் கட்டுப்பாடும் கூடாது, மூளை வளர்கிற காலம்.

சாப்பாட்டில் மட்டும் எல்டிஎல் பாதியாகச் சரிந்தால், அதைக் கொண்டாடாமல் சிட்டோஸ்டெரோலீமியா இருக்கிறதா பாருங்கள். தாவரக் கொழுப்பு உடம்பில் தேங்குகிற வேறு பரம்பரை நோய், எப்எச் மாதிரியே வேடம் போடும், தோலில் மஞ்சள் கட்டியும் வரும். அவர்களுக்கு ஸ்டாட்டின் சுமாராகத்தான் கேட்கும். எசெட்டிமைப்தான் மருந்து. கடையில் கிடைக்கும் தாவர ஸ்டெரால் சேர்த்த பண்டங்கள் அவர்களுக்கு விஷம். ஈரல் வீங்கி, ஏஎல்டி ஏறி, எச்டிஎல் மிகக் குறைவு என்றால் இன்னொரு வேடதாரி: லைசோசோமல் ஆசிட் லைப்பேஸ் குறைபாடு.

கேள்விக்குறி | 21 ஜனவரி

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பையனின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்.

அரைமாத்திரை | 21 ஜனவரி

இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

எப்எச் உள்ள ஒருவர் யாரோ ஒரு வெளிப்பெண்ணைக் கட்டினால் அந்தப் பெண்ணுக்கும் எப்எச் இருக்க வாய்ப்பு 250-ல் ஒன்று. மாமன் மகளைக் கட்டினால் 8-ல் ஒன்று. சொந்த அக்காள் மகளைக் கட்டினால் 4-ல் ஒன்று. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பிரதியும் பழுதாக.

இரட்டை வகை முற்றிலும் வேறு நோய். எல்டிஎல் 400, 600, சிலருக்கு ஆயிரம். முட்டி, முழங்கை, பிட்டம், விரல் இடுக்கில் ஆரஞ்சு மஞ்சளில் தட்டையான திட்டுகள் முதல் சில வயதிலேயே. மருவென்று நினைத்து அறுத்து எடுத்துவிட்டு ரத்தம் பார்க்காமல் அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. பெருந்தமனி வால்வும் அதற்கு மேலே உள்ள பகுதியும் சுருங்கும், ஆகவே வருடா வருடம் எக்கோ. சிகிச்சை இல்லாவிட்டால் பத்து, இருபது வயதுக்குள் மாரடைப்பு.

உங்கள் பையன் 212. அவன் ஒற்றை வகைதான். ஒற்றை வகைப் பிள்ளைகளுக்குத் தோலில், குதிகால் நாணில் பொதுவாக ஒன்றும் தெரியாது. "கட்டி இல்லை, அதனால் நோய் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரைமாத்திரை | 22 ஜனவரி

நேற்றைய கணக்கு தப்பு. தப்பென்று சொல்வதைவிட, எனக்குத் தெரிந்த விவரத்துக்குக் கணக்கைச் சரியாகப் போடவில்லை.

8-ல் ஒன்று என்பது அப்பாவுக்குப் பழுது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாதபோது. அவருடைய அம்மா வழியாக வந்தது என்று தெரிந்தால் மாமனுக்கு 2-ல் ஒன்று, மாமன் மகளுக்கு 4-ல் ஒன்று. இப்போது முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள்: அப்பாவின் தாய்மாமன் 44-ல் போனவர். அவர் இந்தப் பையனின் அம்மாவுக்கு யார்?

கேள்விக்குறி | 22 ஜனவரி

அப்பா.

அரைமாத்திரை | 22 ஜனவரி

அப்போது 8-ஐயும் 4-ஐயும் விடுங்கள். அவர் எப்எச்சால் போயிருந்தால் மகளுக்கு 2-ல் ஒன்று. பையனின் அம்மாவுக்கு இந்த வாரமே லிப்பிட் பாருங்கள். வேறு பிள்ளை இருந்தால் அதற்கும். நல்ல உடம்பு, முப்பது வயது என்பதெல்லாம் காரணமில்லை.

சென்ட்ரிஃபியூஜ் | 22 ஜனவரி

அம்மா கர்ப்பமாக இருந்தால் இப்போது எடுக்க வேண்டாம். கர்ப்பத்தில் எல்லோருக்கும் ஏறும், எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

குரொய்டன் | 23 ஜனவரி

ரெண்டு பக்கமும் வந்த பிள்ளையளுக்கு என்ன செய்யிறவை? அதுக்கும் இந்த மாத்திரைதானோ?

அரைமாத்திரை | 23 ஜனவரி

மாத்திரை தொடங்குவார்கள், கண்டுபிடித்த அன்றே, 8 வயதுக்குக் காத்திருக்காமல். ஆனால் ஸ்டாட்டின் வேலை செய்வதே ஏற்பிகளைக் கூட்டித்தான். ஏற்பியே இல்லாதவனுக்கு எதைக் கூட்டுவது? எவொலோகுமாப் ஊசிக்கும் அதே கதை. 10 வயது முதல் மாதம் 420 மி.கி. ஒற்றை வகைப் பிள்ளைகளிடம் 24 வாரச் சோதனையில் எல்டிஎல் 44.5 சதவீதம் இறங்கியது, வெற்று ஊசியில் 6.2. இரட்டை வகையில் கொஞ்சமாவது ஏற்பி மிச்சம் இருந்தால்தான் கேட்கும். ஏற்பியை நம்பாமல் வேலை செய்வது எவினாகுமாப், கிலோவுக்கு 15 மி.கி., நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, நரம்பு வழியே டிரிப்பாக. ஏறக்குறைய பாதியாக இறக்கும். விலையை எழுதவில்லை, உங்கள் எல்டிஎல் ஏறிவிடும்.

மற்றது அஃபெரெசிஸ். டயாலிசிஸ் மாதிரி, ரத்தத்தை வெளியே எடுத்து எல்டிஎல்லை மட்டும் வடித்துத் திருப்பி விடுவது. இரண்டு முதல் நாலு மணி நேரம். அன்றைக்கு 60 சதவீதத்துக்கு மேல் இறங்கும், இரண்டு வாரத்தில் பழையபடி ஏறிவிடும். ஆகவே வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, விடாமல். 5 வயதில் தொடங்கினால் நல்லது, 8-க்குத் தள்ளிப்போகக் கூடாது. கஷ்டம் நரம்பு கிடைப்பதில். இரும்புச்சத்து குறையும். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் வடிகட்டி என்றால் ஏசிஇ வகை ரத்த அழுத்த மாத்திரையை முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பிரஷர் சட்டென்று விழும். வடிகட்டி இல்லாத இடங்களில் பிளாஸ்மா முழுவதையும் மாற்றுகிறார்கள். அதில் எச்டிஎல்லும் நோயெதிர்ப்புப் புரதமும் சேர்ந்தே போகும்.

கடைசி வழி ஈரல் மாற்று. 1984 பிப்ரவரி 14-ல் பிட்ஸ்பர்க்கில், டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற 6 வயதுப் பெண்ணுக்கு ஈரல் மாற்று முன்னோடியான ஸ்டார்ஸ்லின் குழுவினர் இதயமும் ஈரலும் ஒரே நாளில் மாற்றினார்கள். ஆயிரத்தைத் தொட்டிருந்த கொலஸ்ட்ரால் முந்நூறுக்குக் கீழே வந்தது. எல்டிஎல்லைக் கழிக்கும் முக்கிய இடம் ஈரல் என்று மனித உடம்பில் அப்படித்தான் உறுதியானது. 1990 வரை இருந்தாள். இந்தியாவில் ஈரல் பெரும்பாலும் உயிரோடிருக்கும் உறவினர் தருவது, பிள்ளைகளுக்கு அப்பா அல்லது அம்மா. இரட்டை வகைப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவருமே ஒற்றை வகை, ஆகவே அவர்கள் தரும் ஈரலிலும் பாதி ஏற்பிதான். 600 இருந்தது இருநூறு சொச்சத்துக்கு வரும், ஸ்டாட்டின் தொடரும். முடிந்தால் பாதிக்கப்படாத சித்தப்பா, அத்தை யாராவது கொடுப்பது மேல்.

கேள்விக்குறி | 4 பிப்ரவரி

ரிசல்ட். பையன் இரண்டாவது தடவை 205. தைராய்டு, சிறுநீர், ஏஎல்டி, சிகே சரி. அம்மா 34 வயது, எல்டிஎல் 104. தங்கை, 6 வயது, 194.

அரைமாத்திரை | 4 பிப்ரவரி

அம்மாவுக்கு 104 என்றால், மாத்திரை எதுவும் சாப்பிடாத நிலையில், எப்எச் இல்லை என்றே வைக்கலாம். இரட்டை வகைப் பேச்சு முடிந்தது. இனி பிறக்கிற பிள்ளைக்கும் ஒற்றை வகை 2-ல் ஒன்றுதான்.

பையனுக்கு இன்றைக்கே ரோசுவா 5. மார்ச் கடைசியில் ரத்தம்.

தங்கைக்கு 194, இரண்டாவது தடவை ஏப்ரலில். அதுவரை அண்ணனுக்குள்ள அதே சாப்பாடு, தனித்தட்டு வேண்டாம். இரண்டாவதும் 160-க்கு மேல் என்றால் எப்எச். மாத்திரை 8 வயதில். ஐரோப்பாவில் 6-லேயே கொடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக இங்கே அவசரப்படத் தேவையில்லை, 194-க்கு இரண்டு வருடம் பெரிய கடன் அல்ல. லிப்போபுரதம்-ஏ மிக அதிகமாக வந்தால் மட்டும் மருத்துவரிடம் இதைத் திரும்பப் பேசுங்கள். 12, 13-ல் பருவமடையும்போது எல்டிஎல் தானாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்கும், பிறகு திரும்ப ஏறும். அந்த நேரத்து ரிப்போர்ட்டைப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று யாராவது நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டாம். பதினாறு, பதினேழில் அவளிடம் நேராகச் சொல்ல வேண்டியது: பிள்ளைப்பேறு திட்டமிடும்போது முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்த வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் போதாது.

சென்ட்ரிஃபியூஜ் | 5 பிப்ரவரி

தங்கைக்கு ஏப்ரலில் எடுக்கும்போது அதே ஆய்வகம், அதே கருவி. லிப்போபுரதம்-ஏவையும் அந்த ஊசியிலேயே முடித்துவிடுங்கள். 2 மில்லி போதும்.

குரொய்டன் | 5 பிப்ரவரி

அப்பான்ர அண்ணன் தம்பிமார்?

அரைமாத்திரை | 5 பிப்ரவரி

ஆளுக்கு 2-ல் ஒன்று. அவர்கள் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கேள்விக்குறி, எத்தனை பேர்?

கேள்விக்குறி | 6 பிப்ரவரி

அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேர். அவர்களுக்குப் பிள்ளைகள் ஒன்பது. இரண்டு பேர் ஏற்கெனவே "எங்க பிள்ளை ஒல்லி" என்கிறார்கள்.

அரைமாத்திரை | 6 பிப்ரவரி

12 ஜனவரி மாலைப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள்.